ஆணியடித்த தலைகளை இறக்கியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பாண்டியர் வாரிசுப் போர் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மதுரையில் பராக்கிரம பாண்டியனைக் குலசேகரன் முற்றுகையிட்டது, முற்றுகையில் சிக்கிய பராக்கிரமன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டது, படை வந்து சேருமுன்பே கொல்லப்பட்டது எல்லாம் சரி. ஆனால், குலசேகரனுக்குத் துணையாக வந்த சோழர் படை வென்று, சிங்களத் தண்டநாயகன் (படைத்தலைவன்) இலங்காபுரன் முதலானோரின் தலைகளை மதுரை வாயிலில் ஆணியடித்ததோடு கட்டுரையாளர் சுபம் போட்டுவிட்டாரே!

தலைகளை ஆணியடித்த செய்தி மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் இருக்கிறது. இதே போரைச் சொல்லும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்திலோ தோல்வி என்ற பேச்சே இல்லை. பிடிபட்ட குதிரைகளும் கைதிகளும் கடல் கடந்து போவதாகத்தான் அங்கே வருகிறது. அவரவர் ஊர்க் கணக்கு!

கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. சோழன் இரண்டாம் இராஜாதிராஜன் தயவால் அரியணை ஏறிய குலசேகரன், சில ஆண்டுகளில் அதே பராக்கிரமபாகுவோடு கைகோத்தான். வாயிலில் இருந்த தலைகளை அவனே இறக்கச் செய்தான் என்கிறது திருவாலங்காட்டுக் கல்வெட்டு. சினந்த சோழன் அவனை விரட்டிவிட்டு யாரை அமர்த்தினான்? கொலையுண்ட பராக்கிரமனின் மகன் வீரபாண்டியனை. அந்தப் பிள்ளைக்குப் பட்டம் கட்டத்தான் இலங்காபுரன் அத்தனை சண்டையும் போட்டான். இதைத் தமிழர் வெற்றி என்று ஒரே வரியில் எழுதுவது எப்படி?

நான் காஞ்சிபுரத்துக்காரன் என்பதால் எங்கள் பக்கத்து ஊரான ஆர்ப்பாக்கத்தின் கல்வெட்டு விடுபட்டதில் தனி வருத்தம். போர் நடந்தது பாண்டிய நாட்டில். கலங்கியவர் இங்கிருந்த சிற்றரசர் எதிரிலிசோழச் சம்புவராயர். சைவ குருவான உமாபதி தேவரிடம் போய் முறையிட்டார். இராமேசுவரம் கோயில் கதவை அகற்றி, பூசையை நிறுத்தி, பண்டாரத்தைக் கொள்ளையிட்டவர்கள் சிங்களப் படையினர் என்று சொல்லி, உமாபதி தேவர் 28 நாள் பூசை செய்தார். அவர்கள் தோற்றோடிய செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் காணிக்கையாக்கினார் சம்புவராயர். படைத்தலைவருக்குக்கூட இப்படி வாய்க்குமா தெரியவில்லை.

கட்டுரைக்கு அடுத்த பகுதி வருமானால், தலைகளை இறக்கிய இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காஞ்சிபுரம்.