முதலில் பதிவேடுகளைச் சீராக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் அறுவை சிகிச்சையில் செயற்கை நுண்ணறிவு என்றாலே ரோபோவைப் பற்றித்தான் பேசுகிறோம். என் கவலை மருத்துவப் பதிவுகளைப் பற்றியது. வெட்டிய ஓரத்தில் புற்றணுக்கள் மிஞ்சினவா, எத்தனை நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தது என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் மருத்துவர் தன் நடையில் எழுதிய குறிப்புகளுக்குள்தான் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க மென்பொருள் நிச்சயம் உதவும். ஆனால் எழுதாமல் விட்டதை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களைத் தரம் பிரிக்க 2004 முதலே கிளாவியன்-டிண்டோ முறை இருக்கிறது. எல்லா இடத்திலும் அதை ஒரே மாதிரி பதிந்தால்தானே ஒப்பிட முடியும்?

சரி, தரவு சேர்ந்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. 2019இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு என்னை உலுக்கியது. சாதாரண மச்சத்தின் அருகே அறுவை மருத்துவர் பேனாவால் குறியிட்டிருந்தால், தோல் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் மென்பொருள் அதைத் தோல் புற்றுநோய் என்று தவறாகச் சொல்வது கூடியது. நோயை விட்டுவிட்டு மையைப் பார்த்திருக்கிறது!

ஒரு மருத்துவமனையின் தரவில் பழகிய மென்பொருளை வேறு மருத்துவமனைகளின் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே அறுவை அரங்குக்குள் அனுமதிக்க வேண்டும். அந்தச் சோதனை முடிவுகளை, சாதகமோ பாதகமோ, முழுமையாக வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்