தோட்டத்தின் பதிவேட்டையும் கவனியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலைக் கிராமங்களில் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்தும் தாவரவியல் தோட்டங்களைப் பற்றிச் சுற்றுலாப் பக்கங்களில் அவ்வப்போது படிக்கிறேன். பூக்களைப் பற்றி நிறைய வருகிறது. அந்தத் தோட்டத்தின் பதிவேட்டைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. நான் நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அண்மையில் அப்படி ஒரு தோட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து அந்த நோட்டு என் மனதை விட்டுப் போகவில்லை.

சின்னத் தோட்டம்தான். சரிவில் கல் அடுக்கிப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்து வேலை நடக்கிறது. அன்றைய முறைக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். பாசி என்று நினைத்து யாரும் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு செடியைக் காட்டி, "மிதிச்சுடாதீங்கம்மா, இது உள்ளங்கை அகலம் வர்றதுக்கே பல வருஷம் ஆச்சு" என்றார். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் குளிரிலும் காற்றிலும் தரையோடு ஒடுங்கி வளரும் செடிதான் பிழைக்கும். காற்று அதன் தலைக்கு மேலே போய்விடும், பகலில் கிடைத்த சூடு உள்ளேயே கொஞ்ச நேரம் தங்கும்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் கொட்டகைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார்.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண், நூலகத்தில் புத்தகத்துக்கு வரவு எண் போடுவதைப் போலவே. வந்த ஆண்டு, வரிசை எண், யார் கொண்டுவந்தது, எந்தச் சரிவில், எத்தனை மீட்டர் உயரத்தில், விதையா தண்டா என்று எல்லாம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒற்றை எழுத்து. உலகம் முழுக்கத் தாவரவியல் தோட்டங்களில் இந்த வழக்கம் உண்டாம். காட்டிலிருந்து நேராக எடுத்தது டபிள்யூ, காட்டுச் செடியிலிருந்து வளர்த்தெடுத்தது இஸட், தோட்டத்துச் செடி ஜி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாதது யு.

முன்பக்கங்களில் டபிள்யூவும் இஸட்டும் நிறைந்திருந்தன. பின்னால் போகப் போக யு கூடிக்கொண்டே வந்தது. பிறகு சில பக்கங்களில் எண் மட்டும், பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எழுதிக்கொண்டிருந்தவர் காலமாகிவிட்டாராம். "எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றார் பெரியவர். உண்மைதான், காட்டிய செடிக்கெல்லாம் ஊரும் ஓடையும் சொன்னார். எனக்குத்தான் கவலையாகிவிட்டது. அவருக்குப் பிறகு?

ஊர் பேர் தெரியாத செடியும் பூக்கும், படத்தில் அழகாகவே இருக்கும். ஆனால் ஒரு மலைச்சரிவில் ஓர் இனம் அருகிப்போய் அதை மீண்டும் அங்கே வளர்க்க வேண்டுமென்றால், அந்தச் சரிவின் வழிவந்த விதையைத்தான் தேடுவார்கள். யு என்று எழுதிய செடியை அதற்கு நம்பி எடுக்க முடியாது. ஆவணப்படுத்திய செடித் தொகுப்பு இருந்தால்தான் ஓர் இடம் தாவரவியல் தோட்டம் என்று உலக அளவில் வரையறுத்திருப்பதும் இதனால்தான். இத்தாலியில் பாதுவா நகரத்தில் 1545-இல் தொடங்கிய தோட்டத்தில் ஒரு பனை இன்னும் உயிரோடு நிற்கிறது. அதை நட்ட ஆண்டு 1585 என்று இன்றைக்கு நம்மால் சொல்ல முடிகிறதே, அது எப்பேர்ப்பட்ட விஷயம்!

கொட்டகைச் சுவரில் நாட்காட்டிகள் தொங்கின. எந்தச் செடி எந்தத் தேதியில் முதலில் பூத்தது என்று அவற்றில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஜப்பானின் கியோத்தோவில் செர்ரி மரம் பூத்த நாள் 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளில் இருக்கிறது. எழுதியவர்கள் அரசவைக்காரர்களும் துறவிகளும். பூக்கும் காலம் முன்னே நகர்ந்துவிட்டது என்று இன்றைய ஆய்வாளர்கள் அவற்றை வைத்துத்தான் காட்டுகிறார்கள்.

பெயர்ப்பலகைகளையும் சொல்ல வேண்டும். பல வெளுத்துப்போய்க் கிடந்தன. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், மார்க்கர் மை சீக்கிரம் போய்விடும். சாதாரணப் பென்சில் எழுத்து அப்படி வெளுக்காது. அலுமினியத் தகட்டில் எண்ணை அழுத்திப் பதித்துவிட்டால் இன்னும் நல்லது.

உதவ விரும்பி அங்கே வரும் இளைஞர்கள் பெரும்பாலும் மரக்கன்றோடு வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத கன்று பதிவேட்டில் இன்னொரு யு ஆகிவிடும். அதைவிட ஒரு மதியம் அந்தப் பெரியவரோடு பாத்தி பாத்தியாக நடந்து, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அப்புறம் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நினைவிலிருந்து சொன்னது என்பதையும், சொன்னவர் பெயர், தேதியையும் சேர்த்தே குறித்துவிடுங்கள். அப்போதுதான் பின்னால் படிப்பவருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வேறொரு கட்டடத்தில் ஒரு நகல் வையுங்கள். கொட்டகைக் கூரை ஒரு மழையில் ஒழுகினால் போதும், அத்தனையும் போய்விடும். அரிய செடிகள் காட்டில் எங்கே வளர்கின்றன என்பதை மட்டும் இணையத்தில் போட வேண்டாம். பிடுங்கி விற்கிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி இத்தகைய தோட்டங்களைப் பற்றி எழுதும்போது, திறந்திருக்கும் நேரத்தோடு, பதிவேட்டு வேலைக்கு ஆள் தேவைப்படுகிறதா, எந்தக் கிழமையில் வரலாம் என்பதையும் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டும். ஓய்வு பெற்ற எழுத்தர்கள், ஆசிரியர்கள், நூலகர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்