அயிரை எவ்வளவு, தம்பி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மதுரை மெஸ்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காலைப் பலகாரம் முடித்த கையோடு படித்தும் திரும்பப் பசித்தது, அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார் உங்கள் நிருபர். ஒரு திருத்தம் மட்டும். சுக்கா, ஈரல், காடை, அயிரை மீன் குழம்பு என்று எல்லாவற்றையும் சின்னக் கிண்ணங்களில் வைத்து, பெரிய தட்டில் தூக்கிவந்து மேஜையில் காட்டி ‘எது வேணும்?’ என்று கேட்கும் பழக்கம் மதுரையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று எழுதியிருக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர்களிடம் கிட்டத்தட்ட இதே பழக்கம் இருக்கிறது. அதற்கென்று பெயரே வைத்திருக்கிறார்கள்: துரோ துரோ. துரோ என்றால் விரல் நீட்டிக் காட்டுவது. அங்கே தட்டு நம்மைத் தேடி வராது, கண்ணாடிப் பெட்டி முன்னால் நாம் போய் நிற்க வேண்டும். மற்றபடி ஒன்றுதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பிலிப்பைன்ஸ் போனவன் இல்லை. அரசுப் பேருந்தில் 29 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. போன வருடம் மே மாதம் நானும் வீட்டுக்காரியும் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தோம். பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருக்கிறார், இலோய்லோ பக்கம் ஊராம். எனக்கு ‘லோலோ’, என் மனைவிக்கு ‘லோலா’ என்று வந்த அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். தாத்தா, பாட்டி என்று அர்த்தம். அவருக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘எங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிட வர்றீங்களா லோலோ’ என்று கேட்க, மகள்தான் தமிழில் சொன்னாள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம்.

ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசா என்று ஒரு கட்டடம். ஞாயிறானால் தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவில் நம்ம ஆட்கள் எப்படிக் கூடுகிறார்களோ, அப்படி இங்கே பிலிப்பைன்ஸ் ஆட்கள். ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வரிசை, அட்டைப்பெட்டியில் சாமான் கட்டி அனுப்ப ஒரு வரிசை. அதற்குள் ஒரு சாப்பாட்டுக்கடை, பத்து மேஜைகூட இருக்காது. கல்லாவில் நின்ற அம்மாவை இவர் ‘ஆத்தே’ என்று கூப்பிட்டதும் என் மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். நம் பக்கம் பதறினால்தானே அந்தச் சொல் வரும். அவர்கள் மொழியில் ஆத்தே என்றால் அக்கா. பரிமாறும் பையன் ‘கூயா’, அதாவது அண்ணன். முன்பின் தெரியாத சர்வரை அண்ணே என்று கூப்பிடுகிற இன்னொரு ஊர்.

நாங்கள் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை. அது அவருக்குத் தெரியும். கண்ணாடியில் விரலை வைத்து, ‘பாபொய்... பாபொய்... பாபொய்...’ என்று பன்றி உள்ள பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் பாபொய்தான். மிச்சத்தில் கோழி அடோபோ, இறால் சினிகாங், முட்டையில் தோய்த்துப் பொரித்த சுட்ட கத்திரிக்காய் என்று மூன்றை நான் விரல் நீட்டி வாங்கினேன். பெயர் எதுவும் அப்போது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்கு எல்லாம் அவர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘உலாம்’. எங்கள் ஆத்தா வெஞ்சனம் என்று சொல்வாரே, அதேதான்.

அடோபோ என்பது வினிகர், சோயா சாஸ், பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை போட்டு வற்ற வைத்த கோழி. மிளகாயைத் தேடினேன், இல்லை. நம் நாக்குக்கு அது ஏதோ அரைச்சம்பளம் வாங்கின மாதிரி இருந்தது. சினிகாங்கைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். புளித்தண்ணீரில் முள்ளங்கி, வெண்டைக்காய், தக்காளி, வள்ளைக்கீரை, மேலாக நீளமான பச்சை மிளகாய், அதில் இறால். மனைவி ஒரு கரண்டி குடித்துவிட்டு, ‘தாளிக்க மறந்துட்டாங்க, மத்தபடி நம்ம ரசந்தான்’ என்றாள். பிறகு பேச்சே இல்லை, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முருங்கைக்கீரையும் பப்பாளிக்காயும் போட்டு வைக்கிற கோழிச்சாறு ஒன்றும் உண்டாம், அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. முருங்கைக்கு அவர்கள் சொல்கிற பெயர் ‘மலுங்காய்’. இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அங்கே எல்லாரும் ஸ்பூனும் முள்கரண்டியுமாகத்தான் சாப்பிடுகிறார்கள், முள்கரண்டியால் சோற்றை ஸ்பூனுக்குத் தள்ளி. நாங்கள் கையில் பிசைய ஆரம்பித்ததும் எங்களைக் கூட்டிவந்த பிலிப்பைன்ஸ் பெண் ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்து அவரும் கையால் சாப்பிட்டார். அதற்கும் ‘கமாயன்’ என்று பெயர் இருக்கிறதாம், ஊரில் வாழையிலை விரித்து எல்லாரும் சேர்ந்து அப்படிச் சாப்பிடுவார்களாம். சிங்கப்பூர் வந்த பிறகு கையால் சாப்பிட்டதே இல்லை என்றார்.

கடைசியில் ஹாலோ ஹாலோ. ‘கலக்கு கலக்கு’ என்று அர்த்தம். உயரமான கண்ணாடித் தம்ளரில் சீவின ஐஸ், பால், பலாச்சுளை, இனிப்புப் பயறு, கடல்பாசித் துண்டுகள், உச்சியில் ஊதா நிறத்தில் வள்ளிக்கிழங்கு ஐஸ்கிரீம். ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஜிகர்தண்டாதான் மேல் என்பது என் கட்சி. பயறை ஐஸில் போடுவதை என்னால் இன்னமும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் விரலளவு ஒரு அட்டை, அதில் விலை. வரிசையில் நகரும்போதே மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன், பழைய தொழில் விடுமா. ஐஸோடு சேர்த்து 31 வெள்ளி, சிங்கப்பூர் டாலரை அங்கே நம்ம ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்லாவில் கேட்டதும் 31 வெள்ளிதான். பணத்தை முன்கூட்டியே எண்ணிக் கையில் வைத்திருந்ததைப் பார்த்து ஆத்தே சிரித்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுமாதம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஐந்து பேரை அழைத்துக்கொண்டு இங்கே ஒரு மெஸ்ஸுக்குப் போனேன், பெயர் வேண்டாம். தட்டு வந்தது. விருந்தாளிகள் முன்னால் விலை கேட்க யாருக்கு நாக்கு எழும்? அவர்கள் கைகாட்ட, தம்பி கிண்ணங்களை இறக்கி வைத்துக்கொண்டே இருந்தார். 2,000 ரூபாய் வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது 3,460. அதில் மூன்று கிண்ணம் அயிரை மட்டும் 840. ருசியில் ஒரு குறையும் இல்லை. குழம்பைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பரிமாறின தம்பியையும் சொல்ல மாட்டேன், தூக்கிவா என்றால் தூக்கி வருகிறார். சம்பந்தி பாக்கெட்டில் கைவிட, நான் தடுக்க, கடைசியில் மனைவி சுருக்குப்பையில் இருந்து 500 ரூபாயை மேஜைக்கு அடியில் நீட்டினாள். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

முதலாளியிடம் தனியாகக் கேட்டேன். ‘மீன் விலை தினம் மாறுதுங்க, என்னத்த எழுதி வைக்கிறது’ என்றார். இதே மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். தக்காளி விலையும்தான் தினம் மாறுகிறது. காலையில் பலகையில் எழுதித் தொங்கவிட்ட பிறகுதானே அங்கே வியாபாரம்? நகைக்கடை வீதியில் தங்கம் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை, அதையும் எழுதித்தான் போடுகிறார்கள். ஒரு சிலேட்டும் சாக்பீசும் போதும். அல்லது கிண்ணத்தின் ஓரத்தில் சொருக ஒரு அட்டை. தட்டைக் காட்டும் பழக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன், பயந்துகொண்டு ‘சாப்பாடு மட்டும் போதும்’ என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களை நானே பார்க்கிறேன். நான் வண்டியில் இருந்த காலத்தில் விலை அச்சடிக்காத ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததில்லை.

போன வாரம் அதே மெஸ்ஸுக்கு நானும் மனைவியும் மட்டும் போனோம். தட்டு வந்ததும், ‘அயிரை எவ்வளவு, தம்பி?’ என்று கேட்டேன். ‘இருங்கய்யா, கேட்டுட்டு வர்றேன்’ என்று தட்டோடு கல்லாவுக்குப் போய்விட்டார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, ‘280ங்கய்யா’ என்றார். ‘சுக்கா?’ என்றேன். தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கல்லாவுக்குப் போனார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
செல்லூர், மதுரை.