உன் துறைக்கும் என் துறைக்கும் நடுவில் ஒரு முடிச்சு

அன்புள்ள வசந்தி,

திட்டுவதை எல்லாம் முதலிலேயே திட்டி முடித்துவிடு, அப்புறம் மேலே படி. உன் கடிதங்களுக்குப் பதில் இல்லை, பையன் கல்யாணப் படங்களுக்கு ஒரு வரி இல்லை, பிறந்தநாளுக்கு வாழ்த்தும் இல்லை. படமெல்லாம் பார்த்தேன். பிள்ளை அப்படியே நீதான்: கூட்டமே கேமராவைப் பார்க்கிறது, அவன் மட்டும் வேறெங்கோ பார்த்து முறைத்துக்கொண்டு நிற்கிறான். மருமகள் சமாளித்துக்கொள்வாள், முகத்திலேயே தெரிகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி, எனக்கு இவர். போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே, குறுக்கு ரேகையை ஒட்டி ஒரு முடிச்சு இருக்கிறது. வலி இல்லை. பக்கத்தில் தோல் உள்ளே இழுபட்டு ஒரு சின்னக் குழி. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் குழி தெரியும்; நேரே பிடித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். தசைநாணில் வந்ததோ என்று விரலை மடக்கி நீட்டிப் பார்த்தேன், கூடவே நகரவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. மேசையில் கையைக் கவிழ்த்தால் இன்னும் தட்டையாகப் படிகிறது. கை அறுவைக்காரி உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? டூப்புட்ரன்தான்: உள்ளங்கையில் முடிச்சாகத் தொடங்கி, கயிறாக இறுகி, கடைசியில் விரலையே மடக்கி வைத்துவிடும் அதே நோய். "அது வட ஐரோப்பாக் கிழவர்களின் வியாதியாச்சே, உன்னிடம் எப்படி வந்தது?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. பெண்களுக்கும் வரும், கொஞ்சம் தாமதமாக வரும். பச்சைப் பேனா சார் இதை வைவாவில் கேட்டபோது பதில் சொன்னது யார் என்று நினைவிருக்கிறதா? நீ இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், இதே முடிச்சோடு வருகிறவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பதும் என் வேலைதான். புற்றுநோய் என்றால் கையெழுத்துப் போடும்போது மனசில் தயக்கமே இருக்காது. இதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பேனா ஒரு நொடி நிற்கும். இப்போது அந்தப் படிவத்தில் என் பெயரே வரப்போகிறதா என்பதுதான் கேள்வி.

நாங்கள் செய்வது உனக்குத் தெரியும், ஆனால் நீ பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி முடிச்சின் எல்லையைக் கண்டுபிடித்துப் பேனாவால் வரைவோம். கண்ணை நம்பினால் சிறியதாக வரைந்துவிடுவோம், விரல் நுனி பொய் சொல்லாது. அதைச் சுற்றி ஓரிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, மீதிக் கையை ஈயத் தகட்டால் மறைப்போம். 6 எம்.இ.வி. ஆற்றலுள்ள எலக்ட்ரான் கதிர் போதும். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரை வேலை செய்துவிட்டு, மூன்றுக்குள் நின்றுவிடும். தோலிலேயே முழு அளவும் விழ வேண்டும் என்பதால் மேலே மெல்லிய போலஸ் தகடு. கதிரை அளக்கும் அலகில் சொன்னால் ஒரு நாளைக்கு 3 கிரே, ஐந்து நாள். பிறகு இரண்டு மூன்று மாதம் இடைவெளி விட்டு அதே ஐந்து நாள் மறுபடியும். மொத்தம் 30 கிரே. பெரும்பாலான புற்றுகளுக்கு நான் எழுதும் அளவில் பாதிகூட வராது. மேசையில் கையை நீட்டி உட்கார்ந்தவர், "ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஏன் வேலை செய்ய வேண்டும் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. முடிச்சுக்குள் பெருகிக்கொண்டிருப்பவை மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள். காபியானியும் மாய்னோவும் 1970களின் தொடக்கத்தில் கண்டுசொன்ன அதே சுருங்கும் செல்கள். பெருகும் செல் கதிருக்கு அடங்கும். கயிறாக இறுகி வெறும் கொலாஜன் நார் ஆகிவிட்டால் நான் கதிரைக் கொட்டினாலும் அது நிமிராது. அப்போது நீதான் வர வேண்டும். ஆக, என் சிகிச்சைக்கான காலம் கை நன்றாக வேலை செய்யும் காலம்தான். விரல் மடங்கத் தொடங்கியவன் உன் வாசலுக்கு வருகிறான், ஒரு குறையும் இல்லாதவன் என் வாசலுக்கு வருகிறான். ஒரு குறையும் இல்லாதவனைக் குணப்படுத்திவிட்டேன் என்று எப்படித்தான் நிரூபிப்பது?

இந்த இடத்தில்தான் தூக்கம் போகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன்காரர்கள் 2010ல் வெளியிட்ட கணக்கு எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 135 பேர், 208 கைகள், 13 ஆண்டு தொடர்ந்து பார்த்தது. 59 விழுக்காடு அப்படியே இருந்தது, 10 விழுக்காடு குறைந்தது, 31 விழுக்காடு முற்றியது. வெறும் முடிச்சு மட்டும் இருந்த கைகளில் 87 விழுக்காடு மோசமாகவில்லை. மடங்கத் தொடங்கிவிட்டவர்களில் பெரும்பாலோருக்கு முற்றத்தான் செய்தது. நோயாளிக்கு இந்த 87ஐச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் கதிர் வாங்காமல் சும்மா இருந்தவர்கள் அந்தக் கணக்கில் ஒருவர்கூட இல்லை. உங்கள் பக்கத்து ஆட்கள் வெறும் முடிச்சோடு வந்தவர்களை ஒன்றும் செய்யாமல் பல ஆண்டு பார்த்தபோதும், ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கயிறு வந்தது; கத்தி தேவைப்பட்டவர்கள் மிகச் சிலர். அப்படியென்றால் அந்த 87ல் என் எலக்ட்ரான் சம்பாதித்தது எவ்வளவு, சும்மா இருந்தாலே கிடைத்திருக்கக்கூடியது எவ்வளவு?

நீ உடனே உன் கனடாக் கை அறுவை நிபுணர் லலோண்டைக் கொண்டுவருவாய், தெரியும். போன கடிதத்தில் நாலு பக்கம் அவர் புராணம்தானே. மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்து விரலில் போட்டால் விரல் செத்துவிடும் என்று நம் காலத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்து மரப்பு மருந்தான புரோக்கெய்ன் பழசாகப் பழசாக அமிலமாகும் என்பதையும், கறுத்த விரல்களுக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. 2005ல் அவர்கள் அடுத்தடுத்து வந்த 3,110 பேரை எண்ணிப் போட்டார்கள். ஒரு விரல்கூடப் போகவில்லை, அட்ரினலினை முறிக்கும் ஃபென்டோலமினைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமலே அந்த வாதம் முடிந்துவிட்டது. அங்கே அது போதும் வசந்தி, ஏனென்றால் செத்த விரல் கண்ணுக்குத் தெரியும். எங்களுடைய வெற்றி "ஒன்றும் நடக்கவில்லை" என்பது. ஒன்றும் நடக்காதது எதனால் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

கை மூட்டுத் தேய்மானத்தில் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருக்கிறோம். குறைந்த அளவுக் கதிர் கொடுத்தால் வலி குறைகிறது என்று ஜெர்மனியில் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். நோயாளிகளும் குறைகிறது என்றுதான் சொன்னார்கள். நெதர்லாந்தில் பாதிப் பேருக்கு 1 கிரே வீதம் ஆறு முறை, மீதிப் பேருக்கு இயந்திரத்தின் சடங்கு மட்டும் என்று ரகசியமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். அந்தக் கட்டுரை வந்த வாரம் எங்கள் துறைப் பெரியவர் யாரோடும் பேசவில்லை. டூப்புட்ரனுக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு நோய், அளவும் ஐந்து மடங்கு. கதிர் வாங்கியவர், வாங்காதவர் என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கும் ஆய்வுகளும் இப்போது நடக்கின்றன. ஆனால் முடிச்சு முடிவுக்காகக் காத்திருக்காதே.

உன் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? கயிற்றை ஊசியால் அறுத்துவிட்டால் பத்து நிமிடம், தையல்கூட இல்லை என்பாய். ஊசியையும் கத்தியையும் ஒப்பிட்ட டச்சு ஆய்வில் ஐந்து ஆண்டுக்குள் ஊசிக்காரர்களில் 85 விழுக்காட்டுக்குத் திரும்பி வந்தது, திறந்து எடுத்தவர்களுக்கு 21. திறந்து எடுக்கலாம் என்றால், கயிறு நரம்பைச் சுற்றிக்கொண்டு அதை நடுவுக்கும் தோலுக்கு அருகிலும் இழுத்து வைத்திருக்கும் இடத்தில் உன் கத்தி எப்படித் தயங்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். 2010ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கயிற்றைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசி 2020ல் ஐரோப்பியச் சந்தையை விட்டே போய்விட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் முடிச்சுக்குள்ளேயே அழற்சியை அடக்கும் அடலிமுமாப் மருந்தைப் போட்டு 2022ல் வெளியிட்டதையும் படித்தேன். முடிச்சு மிருதுவாகிறது, சிறிதாகிறது. விரல் மடங்குவதைத் தடுக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதனால் நாம் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம், ரொம்பப் பெருமை வேண்டாம்.

ராத்திரி எல்லாம் ஒரே படம் மனசில் ஓடுகிறது. 1895 டிசம்பர் 22ல், எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜென் தன் மனைவியின் கையைத்தான் படம் எடுத்தார், எலும்பும் மோதிரமுமாக. அதன் பிறகு எங்கள் முன்னோர்கள் ஒவ்வொரு நாளும் எக்ஸ்-கதிர்க் குழாய் சரியாக இருக்கிறதா என்று தங்கள் கையைத்தான் நீட்டிப் பார்த்தார்கள். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி இரண்டு கைகளையும் இழந்து 1904ல் இறந்தார். பிலடெல்ஃபியாவில் கஸாபியன் தன் விரல்கள் புண்ணாகி அழுகுவதைத் தானே படமெடுத்துக் குறித்துவைத்து, 1910ல் போய்ச்சேர்ந்தார். ஹாம்பர்க்கில் 1936ல் அவர்களுக்கு நடுகல் வைத்தபோதே 169 பெயர்கள். என் தொழில் முதலில் தின்றது கைகளைத்தான். அந்தக் கதிர் வேறு, இந்த அளவு வேறு என்று எனக்குத் தெரியாதா? நோயாளிகளிடம் தினமும் நான் சொல்வதுதானே: தோல் கொஞ்சம் காயும், வியர்வை குறையலாம், பல ஆண்டு கழித்துப் புற்று வரும் வாய்ப்பு மிகச் சிறியது, நம் வயதில் அதைப் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. எல்லாம் உண்மை. ஆனாலும் கையை நீட்டி வைத்துவிட்டு அறைக் கதவு மூடப்படுவதைக் கேட்கப்போவது நான் என்றதும் அந்த 169 பேர் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

பயம் கோணல் விரலைப் பற்றி இல்லை. இந்தக் கையால்தான் கருப்பைக்குள், உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் பிராக்கிதெரபி கருவியை வைக்கிறேன். பார்க்காமல், தொட்டுணர்ந்து. மோதிர விரல் நீளாமல் போனால் கையுறைக்குள்ளேயே நுழையாது. உள்ளங்கைத் தோல் காய்ந்து தடித்தாலும் தொடு உணர்ச்சி மழுங்குமோ என்று சந்தேகம். சும்மா இருந்தாலும் ஆபத்து, செய்தாலும் ஆபத்து. இரண்டில் எது சிறியது என்பதற்கு என் அலமாரியில் எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஜூனியர் பெண் ஒருத்தி, "மேடம், திங்கட்கிழமை ஸ்லாட் காலி, போட்டுடலாமா?" என்கிறாள். சாயங்கால வகுப்புக்குக் கூப்பிடுகிற மாதிரி. நான் கடுப்பாகி அவளை விரட்டிவிட்டேன், பாவம்.

நீ சொல்லப்போவதும் தெரியும்: "விரலடி மூட்டு 30 டிகிரி மடங்கட்டும், இல்லை நடு மூட்டு கொஞ்சமாவது மடங்கட்டும், அப்போது வா." அதுவரை காத்திருந்தால் என் வாய்ப்புப் போயிருக்கும். எனவே நான் போட்டிருக்கும் திட்டம் இது. முடிச்சு வளர்கிறது என்று தெரிந்தால் மட்டும் கதிர். வளரவில்லை என்றால் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். வளர்கிறதா என்று நானே அளந்தால், பயந்த நாளில் பெரியதாகத் தெரியும், தைரியமான நாளில் சிறியதாகத் தெரியும். அளக்க வேண்டியது நீ.

அவ்வப்போது ஒரே விளக்கில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கையைப் படம் எடுத்துக்கொண்டே வருவேன். தேதியை மறைத்து, முன்பின்னாகக் கலைத்துப் போட்டு, ஒரு கட்டாக உனக்கு அனுப்புவேன். எது பழையது, எது புதியது என்று நீ வரிசைப்படுத்து. நீ போட்ட வரிசையும் உண்மையான வரிசையும் ஒத்துப்போனால் வளர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் ஸ்லாட் கேட்கிறேன். குழம்பிப்போய் உளறினாய் என்றால் எனக்குச் சந்தோஷம். நீ உளறுவதில் எனக்குச் சந்தோஷம் வருவது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று, இதற்கு நேர்மையாகப் பதில் வேண்டும்: கதிர் வாங்கிய உள்ளங்கையை நீ திறந்திருக்கிறாயா? தோல் மடலைத் தூக்கும்போது வித்தியாசம் தெரிகிறதா, தையல் பிடிக்கிறதா? இல்லை என்றால் உன் கூட்டாளிகளிடம் கேட்டுச் சொல். உன் மேசையில் நான் படுக்கும் நாள் வந்தாலும் மயக்கம் வேண்டாம், அட்ரினலினோடு மரத்துப்போகச் செய்து ஆள் விழித்திருக்கும்போதே செய்யும் உன் வாலன்ட் முறையிலேயே செய். நான் பேசிக்கொண்டே இருப்பேன், நீ பாடக் கூடாது.

முதல் கட்டுப் படங்கள் தயாரானதும் வரும். போன் செய்யாதே, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூட்டுவலித் தைலம் தடவச் சொல்வார். எழுது.

உன்,
சரோஜா

பி.கு.: பத்மாவிடம் மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிந்தால் மூன்றாவது பெஞ்ச் முழுக்க என் கையைப் பார்த்து ஜோசியம் சொல்லக் கிளம்பிவிடும்.