காட்டுக்குள் தட்டு எறியும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று இரவு நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. காட்டுத் திடலில் டிஸ்க் கோல்ஃப் ஆடி 18 கூடைகளை முடித்தபோது பாருக்கு மேல் 21 என்றாய், அதாவது வைத்திருக்கும் கணக்கைவிட 21 எறிகள் அதிகம். அந்த எண்ணிக்கை என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதன் பிறகு நீ சொன்னதுதான் தூங்க விடவில்லை. "அது விளையாட்டே இல்லம்மா, வெறும் அதிர்ஷ்டம். மரம் எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போய் விழுது." அடுத்த மாதப் போட்டிக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றும் கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. பேச்சில் வராதது எழுத்தில் வரும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தட்டைக் குறைந்த எறிகளில் சங்கிலிக் கூடைக்குள் போடும் இந்த டிஸ்க் கோல்ஃபை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நீதான். தட்டை எப்படிப் பிடிப்பது, தோள் எப்போது திரும்ப வேண்டும், கை எப்போது விட வேண்டும், எல்லாம் நீ சொன்னது. ஆனால் நீ திறந்த புல்வெளியில் வளர்ந்த ஆட்டக்காரி. உன் கைக்கு 110 மீட்டர் சாதாரணம். எனக்கு 55 மீட்டர் போனாலே அன்று நல்ல நாள். நீ கிளம்பிப் போன பிறகு எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது இந்த அடர்ந்த மரக்காட்டுத் திடல் ஒன்றுதான். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கேயே ஆடுகிறேன். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் உனக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

காட்டில் அதிர்ஷ்டம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். மரத்தில் பட்டுத் தெறிக்கும் தட்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த மரத்துக்குப் பக்கத்தில் தட்டை அனுப்புவது என்பதை நீதான் முடிவு செய்கிறாய். நேற்று நீ ஒவ்வொரு கூடையாகச் சொல்லிக்கொண்டே வந்தாய் அல்லவா, ஒன்றைக் கவனித்தேன். எல்லா இடத்திலும் "டிரைவரை எடுத்தேன்" என்றுதான் ஆரம்பித்தாய், தூரம் போகிற அந்த வேகத் தட்டை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். எறியும் திசையில் 1 டிகிரி பிசகினால் 60 மீட்டரில் தட்டு ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வை. அது உனக்கு 8 மீட்டர் முன்னால் இருந்தால், தட்டின் அகலத்தைக் கழித்த பிறகும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 6 டிகிரி வரை நீ தவறலாம். அதே இடைவெளி 30 மீட்டரில் இருந்தால் 2 டிகிரிகூடக் கிடையாது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே வாசல் மாதிரிதான் தெரியும். கைக்கு அப்படி இல்லை. முதல் வாசலைத் தாண்டுவது உனக்குச் சுலபம். அதே வீச்சில் இரண்டாவது, மூன்றாவது வாசலையும் தாண்டப் பார்க்கிறாய். உன் கையின் பலமே உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. நான் எறிந்தால் முதல் வாசல் தாண்டியதும் தட்டு இறங்கிவிடும். அடுத்த வாசல் அப்போது எனக்குப் பக்கத்தில் இருக்கும், அகலமாகத் தெரியும். காட்டில் நான் உன்னைவிடக் குறைந்த எண்ணிக்கையில் முடிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

அப்புறம் தட்டின் குணம். வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது தட்டு கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகம் இருக்கும்வரை நேராகவோ கொஞ்சம் வலப்பக்கமாகவோ போகும். வேகம் குறையும்போது காற்று முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழலும் பொருள் என்பதால் அந்த விசை விளிம்பைத் தூக்காமல் தட்டையே இடப்பக்கம் சாய்த்துவிடும். நீ எனக்குப் பம்பரத்தை வைத்து விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் கடைசி எண் அந்தச் சாய்வைத்தான் சொல்கிறது. திறந்த வெளியில் கடைசியில் இடப்பக்கம் 6, 7 மீட்டர் விலகினால் என்ன, புல்தானே. காட்டில் அந்த 7 மீட்டர் முழுக்கப் புதர். போதாததற்கு டிரைவரின் விளிம்பு கூர்மை. சாய்ந்து தரையைத் தொட்டதும் நிற்காது, வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே ஓடும்.

அதனால் உன் பையிலிருந்து வேக எண் (அந்த நான்கில் முதலாவது) 9க்கு மேல் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிடு. நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்சும் கூடைக்குப் பக்கத்தில் போடுகிற பட்டரும் போதும், வேண்டுமானால் வேக எண் 7 ஒன்று. முதல் எறி எறியும் டீயிலிருந்து பட்டரை எறிவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. உன் கைக்குப் பட்டர் 70 மீட்டர் நேராகப் போகும், விழுந்த இடத்திலேயே உட்காரும். காட்டுத் திடலில் அதைவிட வேறு என்ன வேண்டும்?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற ஊரில் நார்த்வுட் பிளாக் என்று ஒரு திடல் இருக்கிறது. மரங்களுக்குப் பேர்போனது. அங்கே நடக்கும் ஆட்டங்களை ராத்திரியில் உட்கார்ந்து பார்ப்பேன். உலகத்தின் மிகச் சிறந்த கைகள் அங்கே மரத்தில் அடிக்கின்றன. அடித்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனிப்பேன். பெரும்பாலும் ஒன்றுமே செய்வதில்லை. பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் மெதுவாகத் தட்டிவிட்டுப் பாதைக்குத் திரும்பி வருகிறார்கள். அவ்வளவுதான்.

நீ நேற்று 11ஆவது கூடையில் 9 எறிகள் என்றாயே, அதில் மரம் உன்னிடமிருந்து வாங்கியது ஒன்றே ஒன்று. மீதியை விட்டதைப் பிடிக்கப் போய்க் கொடுத்திருக்கிறாய். ஊசி நுழையும் சந்து வழியாகக் கூடையைப் பார்த்ததும் கை பரபரக்கும், எனக்கும் பரபரக்கும். அந்த நேரத்தில் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்தச் சந்தில் பத்துத் தடவை எறிந்தால் எத்தனை தடவை போகும்? ஐந்துக்குக் குறைவு என்று தோன்றினால் கூடையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, பாதை எந்தப் பக்கம் என்று தேடுவேன்.

புதருக்குள் நிற்கும் விதிகளையும் போட்டிக்கு முன் ஒருமுறை படித்துவிடு. திறந்த வெளியில் ஆடுகிறவர்களுக்கு அது பழக்கமே இருக்காது. தட்டு கிடந்த இடத்துக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம். எறியும்போது அந்தக் கட்டத்துக்குள் உன் உடம்பில் ஏதாவது ஒன்று தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கால்தான் என்று இல்லை, முழங்காலை ஊன்றலாம். கிளையை ஒடிக்கக் கூடாது, வழிக்காக வளைத்துப் பிடிக்கவும் கூடாது. எப்படி நின்றால் செடி குறைவாக அசையுமோ அப்படித்தான் நிற்க வேண்டும். நிற்கவே முடியாத இடம் என்றால், கூடையிலிருந்து தட்டு வழியாக வரும் நேர்கோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் வரலாம். அதற்கு ஓர் எறி தண்டம். அந்தத் தண்டத்தைக் கட்ட வெட்கப்படாதே. தட்டு மரத்தின் மேல் மாட்டிக்கொண்டால் அதற்கு நேர் கீழே தரையில் குறி வைத்து ஆட வேண்டும். தொலைந்த தட்டைத் தேட 3 நிமிடம்தான்.

தேடுவது பற்றிச் சொல்லும்போது நிறமும் ஞாபகம் வருகிறது. உனக்குப் பிடித்த சிவப்பும் ஆரஞ்சும் உதிர்ந்த இலைகளுக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது. இளஞ்சிவப்பு, வெளிர் நீலம் இரண்டும் காட்டில் அதிகம் பார்க்க முடியாத நிறங்கள், தூரத்திலேயே தெரியும். எறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் உனக்கு உண்டு, சின்ன வயதிலிருந்தே. காட்டில் அது கூடாது. கடைசியாக எந்த மரத்துக்குப் பக்கத்தில் பார்த்தாய் என்று கண்ணில் வைத்துக்கொண்டே நட.

அதிர்ஷ்டம் என்று நீ சொன்னது ஏன் என்னை அவ்வளவு உறுத்தியது தெரியுமா? இந்த விளையாட்டு பிறந்ததே மரங்களுக்கு நடுவில்தான். எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்த பூங்காவின் பெயர் ஓக் குரோவ். ஓக் மரத் தோப்பு என்று பெயரிலேயே இருக்கிறது. முதலில் வெறும் கம்பங்களைத்தான் நட்டார்கள். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சண்டை வரவே, பிறகு சங்கிலியும் கூடையும் செய்தார். 1976இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 2002இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் செய்தார்கள். அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் ஒரு விளையாட்டின் மேல் இவ்வளவு ஆசை வைக்க முடியுமா என்று.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும், நீ சோர்ந்து போயிருந்ததால் சொல்லவில்லை.

இங்கே 7ஆவது கூடை பார் 4. முதல் 50 மீட்டர் நேராகக் குகை மாதிரிப் போகும். தலைக்கு மேலேயும் கிளைகள் கூடியிருப்பதால் உயரத் தூக்கவும் முடியாது. அப்புறம் இரட்டைத் தண்டு மரம் ஒன்றைச் சுற்றிப் பாதை இடப்பக்கம் திரும்பும். ஆரம்ப மாதங்களில் இந்த ஒரு கூடையில் 8 எறிவேன். போன வாரம் முதல் எறியே கை சீக்கிரம் விட்டுவிட்டது. பத்தே மீட்டரில் 'டொக்' என்று ஒரு சத்தம், தட்டு வலப்பக்கப் புதருக்குள். பட்டையில் வெள்ளையாக ஒரு கீறல். ஒவ்வொரு தடவையும் அந்தக் கீறலைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாம் வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து நிற்கிற மரங்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் நிற்க இடமில்லை. வலது முழங்காலை ஈர மண்ணில் ஊன்றினேன். ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டை மட்டும் சுண்டி 12 மீட்டர் பாதைப் பக்கம் தள்ளினேன். அங்கிருந்து மிட்ரேஞ்ச், இரட்டை மரத்துக்கு முன்னாலேயே நிறுத்தினேன். அடுத்தது பட்டர். கூடையிலிருந்து 6 மீட்டரில் நின்றது. அதற்குப் பிறகு சங்கிலிச் சத்தம். மொத்தம் 5. பாருக்கு மேல் ஒன்று. முதல் எறியிலேயே மரத்தில் அடித்த பிறகு 5 என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும்.

சொல்ல வந்தது அது இல்லை, கண்ணு. முழங்காலை ஊன்றிக் குனிந்தபோது, கைக்கு ஒரு அடி தள்ளி, போன வருட இலைகளுக்கு அடியிலிருந்து ஒரு விளிம்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் உன்னுடைய பழைய மஞ்சள் மிட்ரேஞ்ச். நீ எனக்கு விட்டுப்போன முதல் தட்டு. இலையுதிர் காலத்தில் நான் அதைத் தொலைத்துவிட்டேன், உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. அன்று விதிப்படி 3 நிமிடம் தேடினேன். ஆட்டம் முடிந்த பிறகு தனியாகத் திரும்பி வந்து இருட்டும்வரை தேடினேன். அப்புறமும் நாலைந்து வாரம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காலால் இலையைத் தள்ளிப் பார்ப்பேன். மஞ்சள் இலைக்குள் மஞ்சள் தட்டு, எங்கே கிடைக்கும்? பின்பக்கம் நீ மையால் எழுதிய உன் பெயர் இன்னும் இருக்கிறது. போன் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் அழிந்துவிட்டன.

அதைக் கழுவித் துடைத்து நேற்றுக் காலை பார்சலில் போட்டுவிட்டேன். கையில் எடுத்தால் விளிம்பெல்லாம் பள்ளம் பள்ளமாக இருக்கும், பயந்துவிடாதே. மரத்தில் அடி வாங்கி வாங்கி அதன் குணம் மாறியிருக்கிறது. புதிதில் கடைசியில் இடப்பக்கம் நன்றாகச் சாயும். இப்போது அந்தச் சாய்வு ஏறக்குறைய இல்லை. அனுப்புவதற்கு முன் பத்துத் தடவை எறிந்து பார்த்தேன், விட்ட கோட்டிலேயே போகிறது. என் கைக்கே அப்படி என்றால் உன் வேகத்துக்குக் கடைசியில் கொஞ்சம் வலப்பக்கம் போகலாம், பாதி பலத்தில் விட்டால் நேராக நிற்கும்.

போட்டியிலிருந்து விலகுவதும் ஆடுவதும் உன் இஷ்டம், அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன். விலகினாலும் பரவாயில்லை, அந்தக் காட்டுக்கு மட்டும் இன்னொரு தடவை காலையில் சீக்கிரமாக, கூட்டம் இல்லாத நேரத்தில் போய்வா. எண்ணிக்கை எழுதாதே. முதல் டீயில் இந்த மஞ்சள் தட்டை எடு. கூடை எங்கே என்று பார்க்காமல், 50 மீட்டரில் எந்த இடத்தில் நின்று அடுத்ததை எறிய ஆசை என்று பார்த்து, அங்கே போடு. எங்கே நின்றது என்று ராத்திரி போன் பண்ணிச் சொல். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

உன்
அம்மா