பிரயோனி சொன்ன இரண்டு பொய்கள்

ஆசிரியருக்கு,

போர்க்கால நாவல்கள் பற்றிய கட்டுரையில் இயன் மெக்யூவனின் 'அட்டோன்மென்ட்' (2001) விடுபட்டது வருத்தம் தந்தது. 1935-இல் 13 வயது பிரயோனி சொல்லும் பொய், அக்காவின் காதலன் ராபியைச் சிறைக்கும், அப்புறம் போர்முனைக்கும் தள்ளுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பிரான்சின் டன்கிர்க் கடற்கரைக்குப் பின்வாங்கும் அத்தியாயத்தைவிட என்னை உலுக்கியது லண்டன் மருத்துவமனைக் காட்சிதான். கட்டு இறுக்குகிறது என்கிறான், தலையில் காயம்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய். அங்கே நர்ஸாக இருக்கும் பிரயோனி அதைத் தளர்த்தப்போய் மூளையையே பார்த்துவிடுகிறாள். என்னைக் காதலிக்கிறாயா என்று அவன் கேட்க, ஆமாம் என்கிறாள். அன்றிரவு மேற்கொண்டு என்னால் படிக்க முடியவில்லை.

ராபியின் அம்மாவுக்கு இன்னும் சில பக்கங்கள் தந்திருக்கலாம். மகனைக் கொண்டுபோகும் போலீஸ் காரைக் குடையால் அடித்துக் கத்துகிறாளே, அவளை மறக்கவே முடியவில்லை.

ஒரு வாசகி, மதுரை