ஜோர்தானின் அம்மானில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ தங்கச்சிக்கு அனுப்பிய போட்டோவை அவள் காட்டினாள். மலைக்கோட்டையில், ஹெர்குலிஸ் கோவில் தூணுக்குக் கீழே நிற்கிறாய். சட்டை தோளில் நிற்கவே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அது எந்த மலை தெரியுமா? வேதாகமத்தில் வரும் ரப்பா, அம்மோன் புத்திரரின் தலைநகரம். தன்னைச் சாகக்கொடுக்கச் சொல்லி தாவீது ராஜா எழுதிய நிருபத்தை, போர்வீரன் உரியா தன் கையாலேயே படைத்தலைவன் யோவாபிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும், மதில் ஓரத்தில் மடிந்ததும் அங்கேதான். அப்புறம் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமியின் பட்டப்பெயரால் பிலதெல்பியா ஆனது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் பிலதெல்பியா வேறு, அது துருக்கியில். நீ நிற்கும் தூண் ரோமர் எழுப்பியது, மார்க்கஸ் அரேலியஸ் காலம். பக்கத்தில் கிடக்கும் கல் விரல்களைப் பார்த்தாயா? முழுச் சிலை 12 மீட்டருக்கு மேல் இருந்திருக்கும் என்கிறார்கள். வடக்கே உமையா கலீபாக்கள் கட்டிய அரண்மனை 749 பூகம்பத்தில் இடிந்தது. இதையெல்லாம் வகுப்பில் நடத்தினேனே தவிர நான் பார்த்ததில்லை. நீ பார்த்துவிட்டாய், பெருமையாக இருக்கிறது. போட்டோவை எனக்கே அனுப்பியிருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கி.மு. 218-ல் சிரியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோகஸ் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். பொறிகளை வைத்து மதிலில் இரண்டு இடத்தை இடித்தும் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் பிடிபட்ட கைதி ஒருவன், உள்ளே இருப்பவர்கள் தண்ணீருக்கு இறங்கி வரும் சுரங்க வழியைக் காட்டிக்கொடுத்தான். கட்டையும் கல்லும் போட்டு அதை அடைத்தார்கள். தாகம் தாங்காமல் கோட்டை சரணடைந்தது. மதில் இடிந்தபோதுகூட அசையாத ஆட்கள், தம்பி.

நீயும் எல்லாவற்றையும் தாங்குவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. யாரிடமாவது பேசு. ரூமில் இருக்கும் பையனிடமாவது பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி.

நாசரேத்து வீட்டாருக்கு என்ன பதில் என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. இஷ்டமில்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல், மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேலையில்தான் ஏதாவது என்றால் அதையும் சொல். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், பென்ஷன் போதும்.

உனக்கு வெள்ளிக்கிழமைதானே லீவு? அன்றைக்கு நான் எங்கேயும் போகமாட்டேன். எந்த நேரமானாலும் கூப்பிடு.

அப்பா